முட்டுமரம் என்னுடையது

மல்லாட்டை, உங்கள் பக்கம் வேர்க்கடலை என்பீர்கள், அதைக் காயவைக்கக் கருங்கல் தரைக்கு ஈடு கிடையாது. மண் களத்தில் கொட்டினால் அடியிலிருந்து ஈரம் ஏறும். சாணி மெழுகின களத்தில் கறையான் வரும். கருங்கல்லில் அந்தத் தொல்லையெல்லாம் இல்லை. காலையில் பரப்பினால் பொழுது சாய்வதற்குள் காயைக் காதோரம் வைத்துக் குலுக்கலாம், பருப்பு கலகலவென்று பேசும். திண்டிவனத்து மில்காரன் என் மூட்டையை அவிழ்த்துக்கூடப் பார்க்கமாட்டான். முன்சீப் வீட்டுக் காயா, உள்ளே தள்ளு என்பான். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், இன்ஸ்பெக்டர், எங்கள் ஊர் இடிந்த கோயிலில் எனக்கு என்ன வேலை என்று கேட்டீர்கள். அந்தக் கோயிலின் தரை கருங்கல்.

மோரைக் குடியுங்கள், வெயிலில் வந்திருக்கிறீர்கள். கொண்டுவந்த கட்டையை வாசற்பக்கம் வைக்க வேண்டாம், உங்கள் நாற்காலிக்குக் கீழேயே இருக்கட்டும். இலை துளிர்த்திருக்கிறது பாருங்கள். ஆடு கண்டால் விடாது.

எந்த ராஜா கட்டின கோயில் என்று ஊரில் யாருக்கும் தெரியாது. மதில் எப்போதோ சரிந்து, அந்தக் கல்லெல்லாம் எங்கள் கிணறுகளுக்குள் இறங்கிவிட்டது. என் மாட்டுக்கொட்டகை வாசற்படியில்கூட ஒரு யாளி முகம் இருக்கிறது, வரும்போது மிதித்திருப்பீர்கள். மிச்சம் நின்றது கர்ப்பக்கிரகமும் அதன் முன்னால் ஒரு கல் மண்டபமும்தான். உள்ளே லிங்கம், மண்டபத்தில் மூக்கு உடைந்த நந்தி. என் அப்பா காலத்திலேயே விளக்கு எரியவில்லை. பூசை செய்த குருக்கள் குடும்பம் திருவாமாத்தூர்ப் பக்கம் பிழைக்கப் போய்விட்டது. நான்தான் வௌவாலை விரட்டித் தரையைக் கூட்டினேன். மல்லாட்டை பரப்பினேன். மழைக்காலத்தில் ஆடு கட்டினேன். நந்தியின் கழுத்து கயிறு மாட்ட வாகாக இருந்தது. நாதியற்றுக் கிடந்த இடத்தைச் சுத்தமாக வைத்திருந்தவன் நான் ஒருவன்தான், அதற்கு எனக்கு யாரும் மாலை போடவில்லை.

யுத்தத்துக்கு முன்னால் ஒருமுறை மதராஸிலிருந்து கல்லெழுத்துப் படிக்கிறவர் ஒருவர் வந்தார். சுவரில் ஈரக் காகிதத்தை ஒட்டி, மை தட்டி, எழுத்தைப் பிரதி எடுத்துக்கொண்டார். என் ஆடுகளைப் பார்த்து முதலில் முகம் சுளித்தார். அப்புறம் ஒரு வரியில் விரலை வைத்துக்கொண்டு சிரித்தார். 'சாவா மூவாப் பேராடு' என்று அதில் எழுதியிருக்கிறதாம். அணையாமல் ஒரு விளக்கு எரிய, நெய்க்காக யாரோ அந்தக் காலத்தில் கோயிலுக்கு ஆடு விட்டிருக்கிறான். ஒன்று செத்தால் அதன் இடத்தில் ஒரு குட்டியைச் சேர்த்து மந்தை குறையாமல் பார்த்துக்கொள்வார்களாம். அதனால் அந்த மந்தைக்குச் சாவும் இல்லை, மூப்பும் இல்லை. அந்தப் பேச்சு எனக்கு மனதில் அப்படியே ஒட்டிக்கொண்டது. ஆட்டுக்கு அந்தக் கோயிலில் இடம் உண்டு என்று கல்லிலேயே இருக்கிறது. நீங்கள் விசாரிக்கிற அந்தத் தாண்டவராயனுக்கு இடம் உண்டு என்று எந்தக் கல்லில் இருக்கிறது?

யுத்த காலத்தில் ஒரு புயல் அடித்தது. அதில் மண்டபத்தின் நடு உத்திரம் கீறிக்கொண்டது. உத்திரம் என்றால் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை ஒரே கல், அதன்மேல்தான் கூரைக் கற்கள் அத்தனையும் உட்கார்ந்திருக்கின்றன. அடியில் என் மூட்டைகள். விழுந்தால் யாருக்கு நஷ்டம்? என் கொல்லையில் வைரம் பாய்ந்த பனை ஒன்று நின்றது. அதை வெட்டி முட்டுக்கொடுத்தேன். என் மரம், என் கூலி. அந்தப் பனை நின்றவரை மண்டபத்தில் ஒரு பொட்டு மண் உதிரவில்லை. இதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.

தாண்டவராயன் எங்கள் வீட்டுப் படியாள் மகன். தலைமுறை தலைமுறையாக எங்கள் நிலத்தில் பாடுபட்டு, எங்கள் கையால் படி நெல்லும் கேப்பையும் வாங்கின குடும்பம். கெட்டிக்காரன், நான் மறுக்கவில்லை. முருங்கையை ஒடித்து வளர், பிள்ளையை அடித்து வளர் என்பார்கள். என் பிள்ளைகளை நான் தொட்டதில்லை. இவனை அடித்து வளர்த்தேன். ஒருநாள் காலில் செருப்போடு என் வரப்பில் எதிரே வந்தான். புளிய மிளாறால் நாலு போட்டேன், காதோரம் கிழிந்துவிட்டது. அதற்காக நான் வருத்தப்படவில்லை.  அவன் போய்ப் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டான்.

பர்மாப் பக்கம் ரோடு போட்டுவிட்டுத் திரும்பி வந்தான், காக்கி நிஜாரும் பூட்ஸுமாக. பூட்ஸ் சத்தம் என் வாசல் வழியாகப் போயிற்று, வந்தது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஆனால் என்னைக் கண்டதும் நின்று, "முன்சீப் ஐயா, சவுக்கியமா கீறீங்களா?" என்றான். உங்கள் காதுக்கு அது மரியாதையாகத்தான் கேட்கும். அவன் அப்பனும் பாட்டனும் எங்களை 'ஆண்டே' என்று தவிர வேறு சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'முன்சீப் ஐயா' என்பது சர்க்கார் கொடுத்த வேலையைக் கூப்பிடுவது. அந்த வேலை நாளைக்குப் போய்விட்டால் என்னை அவன் என்னவென்று கூப்பிடுவான்? பெயர் சொல்லியா? வேங்கடேசன் என்றா? அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

எல்லாச் சாதியும் கோயிலுக்குள் போகலாம் என்று சட்டம் வந்தது. ஊருக்குள் இருக்கிற பெருமாள் கோயிலுக்கு அவன் வருவான் என்று பெரியவர்கள் தடியோடு காத்திருந்தார்கள். அவன் அங்கே வரவில்லை. "ஒங்க கோயிலு ஒங்களுக்கே இருக்கட்டும். அந்த இடிஞ்ச கோயிலு சும்மாதானே கெடக்குது, நாங்க வெளக்கேத்திக்கிறோம்" என்றான். அதைக் கேட்டுப் பலபேர் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். எனக்குத்தான் பகீரென்றது. அதுவரை அதை நான் கோயில் என்றே நினைத்ததில்லை, நினைத்திருந்தால் ஆடு கட்டியிருப்பேனா? அவர்கள் வந்து கோயில் என்றார்கள். அப்போதுதான் அட, கோயில் அல்லவா என்று எனக்கும் பட்டது. பட்ட பிறகு அவர்களை எப்படி உள்ளே விடுவது?

தாசில்தாரிடம் மனுப் போட்டான். அவரும் நேரில் வந்து மண்டபத்து வாசலில் மூக்கைத் துணியால் மூடிக்கொண்டு நின்றார். ஆட்டுப் புழுக்கை வாடை. தாண்டவராயன் ஊர் ஜனத்துக்கு முன்னால் சொன்னான்:

"முன்சீப் ஐயா, வெள்ளிக்கெழமைக்குள்ள ஒங்க சாமானெல்லாம் எட்த்துடுங்க. மூட்ட, சாக்கு, ஆடு, எதுவும் வாணாம். ஒங்க துரும்பு ஒண்ணு உள்ள கெடக்கக் கூடாது. பொறவு அது என்னுது, இது என்னுதுன்னு பேஜாரு வரும்."

"கேட்பது நியாயம்தானே, முன்சீப். உம்முடைய பொருள் எல்லாவற்றையும் அப்புறப்படுத்தும்" என்றார் தாசில்தார்.

சரி என்றேன். இவ்வளவு பேர் சாட்சியாக எனக்குச் சொல்லப்பட்டது அது. என் பொருள் எல்லாம். நான் உத்தரவை மீறிப் பழகினவன் இல்லை.

மூட்டைகளை எடுத்தேன். சாக்கு, பாய், தவிட்டுத் தொட்டி எல்லாம் எடுத்தேன். ஆடுகளை ஓட்டி வந்து கொட்டகையில் கட்டினேன். அறுவடை நேரம், இன்ஸ்பெக்டர். காயெல்லாம் மண் களத்தில் கிடந்து பூசணம் பூத்தது.  கடைசியில் பனை மட்டும் நின்றது. அது என் கொல்லை மரம், நட்டது என் கூலி. துரும்பே கூடாது என்றான், பனை துரும்பைவிடப் பெரியது. எடுத்துக்கொண்டேன். இப்போது என் வண்டிக் கொட்டகைக்கு விட்டமாக இருக்கிறது, வேண்டுமானால் பார்த்துவிட்டுப் போங்கள்.

முட்டுமரத்தை உருவினதும் வெறுமனே விட்டுவிட்டு வந்தேன் என்று அம்மணி சொல்லியிருந்தால் அது பொய். அம்மணி என்றால் தாண்டவராயன் பெண்டாட்டி, உங்களிடம் வந்தவள். நான் அப்படிப்பட்டவன் இல்லை. வேறு ஒரு மரத்தை அந்த இடத்தில் நிறுத்தினேன். அதுவும் என் செலவுதான். பட்டையை மேலாகச் சுரண்டி, சுண்ணாம்பு அடித்து, காவிப் பட்டை போட்டு, பார்க்கப் பழைய முட்டுமரத்தைவிட லட்சணமாக இருந்தது. தோட்டத்திலிருந்து குலை தள்ளின வாழை இரண்டை வெட்டி அதன்மேல் சேர்த்துக் கட்டினேன். கோயில் விசேஷத்துக்கு வாழை கட்டுவது மங்களம்.

என்ன மரம் என்று கேட்கிறீர்கள். உங்கள் காலடியில் கிடக்கிறதே. முருங்கை.

என்னிடம் அன்றைக்கு வேலைக்கு இருந்தவன் சவுரிராயன். மாதா கோயிலுக்குப் போகிற பயல், நல்லவன். அவன் கையில் கடப்பாரையோடு நின்றுவிட்டான். "ஆண்டே, இது முருங்கையாச்சே. முருங்க பருத்தா தூணாவுமான்னு நீங்கதானே சொல்லுவீங்க" என்றான். "சோடனைக்குடா. வாழ கட்ட ஒரு கம்பம் வாணாமா? ஜல்தியா வேலயப் பாரு" என்றேன். முருங்கையை முதலில் நிறுத்தி, மேலே ஆப்பு இறுக்கி, அதற்கப்புறம்தான் பனையை உருவினோம். மாற்றிச் செய்திருந்தால் கல் எங்கள் தலையில் அல்லவா வந்திருக்கும். சவுரிராயனைத் தொந்தரவு செய்யாதீர்கள். சொன்னதைச் செய்தவன்.

ஐப்பசிப் பௌர்ணமிக்கு லிங்கத்துக்கு அன்னாபிஷேகம் என்று முடிவு செய்தார்கள். சாமியை வெள்ளைச் சோற்றால் மூடுவது. கேப்பைக் கூழ் குடிக்கிற ஜனம், வீட்டுக்கு ஒரு பிடி அரிசி சேர்த்துப் பொங்கினார்கள். ரேஷன் காலத்தில் என் வீட்டிலேயே ஒருவேளைதான் அரிசி. தாண்டவராயன் பாண்டிச்சேரிக்குப் போய் ஒரு வெண்கல மணி வாங்கி வந்தான். வாங்கினதும் நேராக என் வாசலுக்கு வந்தான். அவன் வருவான் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

"வாழ மரம், கம்பமெல்லாம் நீங்களே கட்டிக் குட்த்தீங்களாமே, முன்சீப் ஐயா. நான் ஒங்கள தப்பா நெனச்சுக்கினு இருந்துட்டேன்" என்றான். கையெடுத்துக் கும்பிட்டான். கண் கலங்கியிருந்தது. காதோரத்துத் தழும்பு வெயிலில் மினுங்கியது.

உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரத்தில் அவன் வாயிலிருந்து 'ஆண்டே' என்று ஒரு வார்த்தை வந்திருந்தால், பனையைத் திரும்பக் கொண்டுபோய் நிறுத்தச் சொல்லியிருப்பேன். என் குலதெய்வத்தின்மேல் ஆணை. அவன் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. "மணிய எங்க கட்டலாம், முன்சீப் ஐயா?" என்று கேட்டான். நடு உத்திரத்தில் பழைய இரும்பு வளையம் இருக்கிறதே என்றேன். கேட்டான், பதில் சொன்னேன். அவ்வளவுதான்.

பௌர்ணமியன்று காலையில் நான் களத்தில் உட்கார்ந்து காயைக் குலுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மணிச் சத்தம் கேட்டது. நன்றாகத்தான் இருந்தது. என் வாழ்நாளில் அந்தக் கோயிலிலிருந்து மணிச் சத்தம் கேட்டது அன்றைக்குத்தான். அவன் ஆசை தீர அடித்தான். பட்டாளத்துக் கை, இழுப்பில் பலம் இருக்கும். அப்புறம் வேறொரு சத்தம் வந்தது. களத்தில் பரப்பியிருந்த காய்கூட லேசாக நகர்ந்தது. அப்புறம் மணி கேட்கவில்லை.

மூன்று பேர். கயிற்றைப் பிடித்திருந்த தாண்டவராயன். கம்பத்தின் அடியில் சோற்றுப் பானையோடு உட்கார்ந்திருந்த அவன் தாய் வீரம்மாள். பூத்தட்டை வைத்துக்கொண்டிருந்த அவன் மகள் காந்திமதி. அம்மணி தண்ணீருக்குக் கிணற்றடிக்குப் போயிருந்தாள், தப்பினாள். மற்றவர்கள் அப்போது வெளியே வரிசையில் நின்றிருந்தார்கள். மூன்று பேருக்கும் கோடித் துணி என் வீட்டிலிருந்துதான் போயிற்று. ஊரில் சாவு நடந்தால் சர்க்காருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டியவன் முன்சீப். பழைய கட்டடம், தாங்காமல் விழுந்தது என்று எழுதினேன். அதில் ஒரு எழுத்துப் பொய்யில்லை.

அம்மணி ஊர் நடுவில் மண்ணை வாரி என்மேல் இறைத்தாள். "திருவாமாத்தூரு வட்டப்பாறையில கைய வெச்சு சத்தியம் பண்ணு பாக்கலாம். பண்ணுடா பாவி" என்றாள். எங்கள் பக்கத்தில் அந்தப் பாறையில் பொய்ச் சத்தியம் செய்தவன் பிழைக்கமாட்டான் என்று நம்பிக்கை. ஒரு படியாள் வீட்டுப் பெண் என்னை 'டா' போட்டதற்கு நான் கோபப்படவில்லை. புருஷன் போன துக்கம் என்று விட்டுவிட்டேன். வண்டி கட்டிக்கொண்டு போனேன், பாறையில் கையை வைத்தேன். இந்தக் கை அவர்கள் ஒருவரையும் தொடவில்லை, ஒரு கல்லையும் தள்ளவில்லை என்றேன். பாம்பு கடிக்கவில்லை, இடி விழவில்லை. சாமியே ஒத்துக்கொண்ட விஷயம் இது.

ஆனால் ஒன்றை நான் நினைத்துப் பார்க்கவில்லை. அந்த வருஷம் மழை பிந்தியது. கார்த்திகையில் வந்தது, விடாமல் பெய்தது. பனை செத்தால் செத்ததுதான். முருங்கை அப்படியில்லை, ஒடித்து எங்கே போட்டாலும் பிழைத்துக்கொள்ளும். கற்குவியலின் நடுவில் சுண்ணாம்பையும் காவியையும் பிளந்துகொண்டு அது துளிர்விட்டிருக்கிறது. பிள்ளை செத்த இடத்தைப் பார்க்கப் போன அம்மணி கண்ணில் பட்டுவிட்டது. கல் மண்டபத்தின் நடுவில் முருங்கைக் கீரை ஏது என்று அவள் யோசித்திருக்கிறாள். சவுரிராயன் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்திருக்கிறாள். அவன் வாயைத் திறந்துவிட்டான். ஒடித்து வளர் என்று சொன்னவன் வாய்க்கே அது வந்து சேர்ந்தது. பரவாயில்லை.

இன்னொரு கேள்வி இருக்கிறது என்கிறீர்கள். அன்று காலையில், மணி அடிப்பதற்கு முன்னால், நான் மண்டபத்துக்குள் போனதை அம்மணி பார்த்தாளா? பார்த்திருப்பாள். போனேன்.

ஆடு ஒன்று அவிழ்த்துக்கொண்டு போய்விட்டது. சினை ஆடு, மாதம் நிறைந்தது. பழகின இடம் என்று நேராக மண்டபத்துக்குள் போய் நந்தியை ஒட்டிப் படுத்துக்கொண்டது. நான் உள்ளே போனேன். சுவரோரமாகத்தான் போனேன். வீரம்மாள் என்னைக் கண்டதும் பழக்கதோஷத்தில் எழுந்து ஒதுங்கினாள். "கும்படறேன் ஆண்டே" என்றாள். நான் அந்த வார்த்தைக்காகக் காத்திருந்தது அவள் மகனிடமிருந்து, அவளிடமிருந்து இல்லை. உட்கார் என்று கையைக் காட்டினேன். கம்பத்தின் அடியிலேயே உட்கார்ந்தாள். அந்தச் சின்னப் பெண் ஓடி வந்து ஆட்டின் வயிற்றைத் தடவி, "எத்தினி குட்டி போடும்?" என்று கேட்டது. தாண்டவராயன் சிரித்துக்கொண்டே, "இருக்கட்டும் முன்சீப் ஐயா, அதுவும் ஒரு ஜீவன்தானே, சாமி கும்புட்டுக்கினு போவட்டும்" என்றான்.

 குனிந்து ஆட்டைத் தோளில் தூக்கிக்கொண்டேன். இந்த வயதில் நான் ஆடு தூக்குகிறவன் இல்லை, முதுகு பிடித்துக்கொண்டது. வந்த வழியே சுவரோரமாக வெளியே வந்தேன்.

கல் விழும் என்று தெரியாது என்றால் ஆட்டை ஏன் தூக்கினாய் என்று நீங்கள் கேட்கப் போகிறீர்கள். கேளுங்கள். அந்தப் பெண் கேட்டதற்கும் நான் அப்போது பதில் சொல்லவில்லை. இரண்டு குட்டி. அன்று சாயங்காலமே போட்டது. இரண்டும் கெட்டியாக இருக்கின்றன, தாயும் சுகம். கல்லில் எழுதி வைத்தபடி என் மந்தையில் ஒன்றுகூடக் குறையவில்லை.